தொட்டி ஏன் காலியானது?

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன், பிளம்பர், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. என் போனையும் நீங்கள் எடுப்பதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

இரண்டு மாதமாகச் சாயங்காலமானால் எங்கள் மாடித் தொட்டி காலி. ஊர்க் குழாயெல்லாம் பார்க்கிறவன் வீட்டிலேயே ஒழுக்கு என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? வாஷர் மாற்றினேன், வால்வு மாற்றினேன், குளியலறைச் சுவரையே உடைத்தேன், உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை, பூசி மூடினேன், மறுநாளும் தொட்டி காலி. அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு. மகளுக்கு வாசிப்புத் தேர்வில் பத்துக்கு இரண்டு. பத்தியில் ஓர் அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறக்கிறாள். ஏன்? பாத்திரம் கழுவ என்பது விடை. நம் பிள்ளை, 'அழுகிற சத்தம் வெளியே கேட்காமலிருக்க' என்று எழுதியிருக்கிறாள்.

டீச்சர் நல்ல மாதிரிதான். "காரணம் பத்திக்குள்ளயே இருக்கணும் சார். இவ வீட்லேருந்து கொண்டு வர்றா" என்றார். குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்த நான், "யாரும்மா அப்படி அழறா?" என்று மகளைக் கேட்டேன்.

"அம்மாதான். பெரியம்மா போன் எடுக்கலன்னா குழாயத் திறந்துடுவாங்க. தெனமும் தொட்டிய எட்டிப் பாக்குறியே, உனக்குத் தெரியாதாப்பா?"

அண்ணி, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் தங்கள் மேலும் வருத்தம்தான். தங்களுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததே யாரோ சொல்லித்தான் தங்கள் தங்கைக்குத் தெரியும். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்கிறாள். சொல்லியிருந்தால் கட்டிய புடவையோடு ஓடி வந்திருப்பாளே! சொல்லாமலும் இருந்துவிட்டு, போனும் எடுக்காமல் முறுக்கிக்கொண்டால் என்ன நியாயம்? பெரியவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா? எனக்கு அவ அழறதத் தாங்க முடியல அண்ணி.

தங்கள் பார்வையும் அண்ணனின் முதுகும் நல்லபடி தேற வேண்டிக்கொள்ளும்,
ஒரே வீட்டிலிருந்தும் ஒன்றும் தெரியாத பிளம்பர்.

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடிச் சாமான் பையைக் கவிழ்த்தேன். வாஷர் டப்பா மூடிக்குள் என் கையெழுத்து: 'அண்ணி போன். பதினாலாம் தேதி கண் ஆபரேஷன். இவளை உடனே வரச் சொல்லணும்.' அவள் போன் ரிப்பேரில் இருந்த சமயம் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள், நான்தான் அவளிடம் சொல்ல மறந்திருக்கிறேன். நான் யார் வீட்டுச் சிங்குக்கு அடியில் படுத்திருந்தேனோ! மேலே உள்ள நியாயத்தையெல்லாம் அடித்துவிடுங்கள். தோளுக்கு மேலே எட்டிப் படித்த மகள், "இப்பதான் காரணம் பத்திக்குள்ளயே இருக்குப்பா" என்றாள். கடிதத்தை உங்கள் தங்கையிடமும் படிக்கக் கொடுத்து வாங்கிவிட்டேன். குழாயைத் திறக்கவில்லை; என்னைத் திட்டிக்கொண்டே சத்தமாக அழுகிறாள். இது கைக்குக் கிடைக்கிற அன்று சாயங்காலம் கூப்பிடுவாள். எடுங்க அண்ணி.