அம்மா தேவை: அழத் தெரிந்திருக்க வேண்டும்

இல்லாத ஒன்றை உண்டாக்கும் வல்லமை கடவுளுக்கு அடுத்தபடியாக விளம்பர வாசகம் எழுதுபவர்களுக்கே வாய்த்திருக்கிறது. அவர்களிலும் தலையாயவரை அலுவலகத்தில் 'சக்கரவர்த்தி' என்றுதான் அழைப்பார்கள். பாதி மரியாதை, பாதி நக்கல். சக்கரவர்த்தி மரியாதைப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார். தோளில் உதிரும் பொடுகைத் தேசியப் பேரிடராக உயர்த்தியவர் அவர்.

ஒருநாள் முதியோர் இல்லத்து முதலாளி ஒருவர் வந்தார். 'உயர்மட்ட ஆலோசனை' கூடியது.

"'முதியோர்'ங்கிற வார்த்தை வரக் கூடாது. 'இல்லம்'னும் வரக் கூடாது" என்றார் முதலாளி.

"அப்போ நாம என்ன விக்கறோம்?" என்று கேட்டார் விளம்பர நிறுவன நிர்வாகி.

"அன்பு!"

சக்கரவர்த்தி கண்ணை மூடினார். அறையே மூச்சடக்கியது. அருள் வந்தவர்போல் திறந்தார்: "அன்பு அதிகமானவர்கள், அம்மாவை எங்களிடம் தருகிறார்கள்."

முதலாளி எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

விளம்பரப் படத்தில் நடிக்க அம்மாதான் கிடைக்கவில்லை. வந்த நடிகைகளெல்லாம் மை கலையாமல் அழுதார்கள். "நிஜ அம்மா வேணும். அழுதா மூக்கு ஒழுகணும்" என்று இயக்குநர் ஒற்றைக் காலில் நின்றார். எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

கலைக்காகத் தியாகம் செய்யச் சக்கரவர்த்தி தயங்கியதில்லை. "என்கிட்ட ஒரு அம்மா இருக்காங்க" என்றார்.

மறுநாள் காலை, "நல்ல சேலையா கட்டிக்கம்மா, ஒரு இடத்துக்குப் போறோம்" என்று வண்டியில் ஏற்றினார். வழியில் விவரம் சொல்லத்தான் இருந்தார். ஆனால் முதலாளியிடமிருந்து போன் மேல் போன். இல்லத்தில் இறங்கியதும் அம்மாவை அங்கிருந்த கட்டிலில் உட்கார வைத்து, சொல்லவேண்டியதை ஒருவர் சொல்லிக் கொடுத்தார்.

அம்மா மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புன்னகைக்க முயன்றபடி சொன்னாள்: "என் பையனுக்கு எம்மேல ரொம்பப் பாசம். அதான் இங்க சேத்திருக்கான்."

மூக்கு ஒழுகியது. விளக்குப் பிடித்தவர் விளக்கை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். ஒரே தடவையில் ஓகே.

விளம்பரம் வெளியானதும் ஊர் இரண்டுபட்டது. பாதிப் பேர் அழுதார்கள். மீதிப் பேர், "பெத்தவளைத் தள்ளிவிடறதுக்குப் பேரு பாசமா?" என்று சுவரொட்டியைக் கிழித்தார்கள். தொலைக்காட்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"சார், ஊரே நம்மளைத் திட்டுது!" என்று வரவேற்பாளர் ஓடிவந்தார்.

"அப்போ ஊரே பாத்திருக்கு" என்று நிர்வாகி இனிப்பு வாங்கிவரச் சொன்னார். இல்லத்தில் கட்டிலுக்கு முன்பதிவு தொடங்கியது.

இப்படிப்பட்ட சேவைக்கு விருது கிடைக்காமலா போகும்? மேடையில் சக்கரவர்த்தி, பக்கத்தில் அம்மா. தொகுப்பாளினி மைக்கை அம்மாவிடம் நீட்டினாள்.

"இவ்ளோ தத்ரூபமா எப்படிம்மா நடிச்சீங்க?"

"நடிப்பா?" என்றாள் அம்மா. "நிஜமாவே என்னைச் சேத்துட்டுப் போகத்தான் கூட்டிட்டு வந்திருக்கான்னு நெனச்சேன். கேமராவெல்லாம் இருந்துச்சு. சேர வர்றவங்களை இப்படித்தான் படம் புடிப்பாங்க போலன்னு இருந்துட்டேன். பாவம், புள்ள நாலு பேரு முன்னாடி சங்கடப்படக் கூடாதேன்னு அவங்க சொன்னதைச் சொன்னேன். திரும்ப வண்டியில ஏறுன்னு சொன்னப்பதான் விளம்பரம்னு தெரிஞ்சுது."

அரங்கம் சிரித்தது. எழுந்து நின்று கைதட்டியது. சக்கரவர்த்தி மட்டும் அம்மாவைப் பார்க்காமல் விருதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாழ்த்த மேடையேறி வந்த முதலாளி அவர் காதோரம் குனிந்தார். "பிரமாதம்! இதுவும் நீங்க எழுதிக் கொடுத்ததுதானே?"

பெருமை வந்தால் ஏற்றுக்கொண்டே பழகிய வாய், தானாகத் திறந்தது.

"ஆமா சார். எல்லாம் என் கைவரிசைதான்."

விளம்பரத் துறையில் சேர்ந்த பிறகு அவர் சொன்ன முதல் உண்மை அது.