இருபத்தோராவது சதுரம்

பயம் என்பதே இல்லாத ஒரே ஒரு மனிதரைத்தான் திருச்சியில் பார்த்திருக்கிறேன். அவர் பட வேண்டிய பயத்தையும் சேர்த்து ஆறு வருடம் நான்தான் பட்டேன்.

பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சதுரம் சார் என்று பெயர். பிளாஸ்டிக் குழாயில் செய்த, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் எப்போதும் அவர் தோளில் தொங்கும். கொள்ளிடத்தின் நடுவே மணல் திட்டில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு அதைப் பின்பக்கமாக வீசுவார். எங்கே விழுகிறதோ அங்கே குந்தி, உள்ளே இருக்கும் செடி, பூச்சி, நத்தை அத்தனையையும் எண்ணிச் சொல்வார். துறை உதவியாளரான நான் ஒரு சதுரத்துக்கு ஒரு தாள் வீதம் எழுதிக்கொள்வேன்.

"விழற இடத்தை நாமளே தேர்ந்தெடுத்தா அது ஆராய்ச்சி இல்ல மேடம், ஆசை" என்பார்.

ஒருமுறை படுத்திருந்த எருமையின் மேல் விழுந்தது. "எருமைன்னு எழுதாதீங்க. தலை வெளியில இருக்கு. எருமை முதுகுன்னு எழுதுங்க" என்றார். இன்னொரு முறை உள்ளே ஒரு கண்ணாடி விரியன்.

"விரியன், ஒண்ணு. எழுதிட்டீங்களா? மேடம்? எங்க போயிட்டீங்க?"

நான் கரைக்கு ஓடிவந்து, எங்களை வழக்கமாக அழைத்து வரும் பஷீர் பாயின் ஆட்டோவில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தேன். "பயப்படாதீங்கம்மா, பாம்பு ஆட்டோ ஏறினதா சரித்திரமே இல்ல" என்றார் பாய்.

ஓர் ஆடி மாதம். ஆற்றில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று ஒலிபெருக்கி வண்டி ஸ்ரீரங்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனது. வெள்ளம் திட்டை மூடி வடிந்தபின் எந்த உயிர் முதலில் திரும்பி வருகிறது என்பதுதான் சாரின் ஆராய்ச்சி. வெள்ளத்துக்கு முன் இருபது சதுரம், பின் இருபது. முன்கணக்கில் ஒன்று குறைந்தாலும் அந்த வருடமே வீண்.

காலை ஏழு மணிக்கு இறங்கினோம். பத்தேகாலுக்குக் கரை ஏறியபோது கணுக்கால் அளவு தண்ணீர். வழக்கப்படி தாள்களை எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பதுதான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். "சார், ஒண்ணு குறையுது."

அவர் சதுரத்தை மாட்டிக்கொண்டு மறுபடி இறங்கினார்.

"சார், தண்ணி ஏறுது! வாங்க. உங்க புல்லு எங்கயும் போயிடாது" என்று பாய் கத்தினார்.

"போயிடும் பாய். அதான் இப்பவே எண்ணணும்."

திட்டில் ஏறி நின்று, அப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் வீசினார். மேற்கே தண்ணீரின் நிறம் மாறியது. செம்மண் கலந்து, ஆகாயத்தாமரைக் கொத்துகளைப் புரட்டிக்கொண்டு வந்தது. தாள்களை மறுபடி புரட்டினேன். பதினொன்றாம் தாளின் முதுகில் பன்னிரண்டாம் தாள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார்! இருபதும் இருக்கு! வந்துடுங்க!"

ஆற்றின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. குந்தி எண்ணிக்கொண்டிருந்தார். ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் மறந்துபோயிற்று. "யா அல்லாஹ், இந்த ஆளு இன்னும் எண்ணுறாரே" என்று பாய் ஆட்டோவில் இருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்.

சார் திட்டை விட்டபோது தண்ணீர் அவர் மார்பில் இருந்தது. சதுரம் கழுத்தில். இரண்டு முறை தலை மறைந்தது. பாய் வீசிய கயிற்றைப் பிடித்தவர் முதலில் சொன்னது இதுதான்: "கோரை ஒன்பது! நத்தை நாலு! எழுதுங்க மேடம், மறந்துடும்!"

எழுதினேன். பிறகு ஒட்டியிருந்த தாளைப் பிரித்துக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஈரச் சட்டையிலேயே துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அப்ப கடைசியா எண்ணினது உபரி. அடிச்சிடுங்க."

"அவ்ளோதானா சார்? இதுக்கா நான் நீச்சல் அடிச்சேன்?" என்றார் பாய்.

"முறை இருபதுதான் பாய்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு உடம்பெல்லாம் நடுங்குதே. வாங்க, முதல்ல ஒரு டீ சாப்பிடுவோம்." கோபமாக ஒரு வார்த்தை இல்லை, அன்றும் பிறகும்.

சார் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். இருபது தாள்கள் துறை அலமாரியில் இருக்கின்றன. இருபத்தொன்றாவது என் வீட்டில் இருக்கிறது. அவர் சொன்னதில் நான் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான். அடிக்க மனம் வரவில்லை.