நாலு மணித் தலைவலி

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. தலைவலி மாத்திரை ஒண்ணு வாங்கணும்.

அதை வாயில போட்டுத் தண்ணியக் குடிச்சிட்டு, மூணரை மணிக்குக் கடைக்குப் போயி நிக்கணும். இதுல தப்பு நடக்க எங்க இடம் இருக்குன்னு கேப்பிய. என்னைய உங்களுக்குத் தெரியாது.

நான் சங்கரன்கோயில்ல ஒரு துண்டு, லுங்கி மொத்தக் கடையில பன்னெண்டு வருசமா வேலை பாக்கேன். கட்டு பிரிக்கணும், கட்டு கட்டணும், வெளியூருக்கு அனுப்பணும். அது சோத்துக்கு. பெருமைக்கு வேற ஒண்ணு இருக்கு. பலகுரல். ரயிலு, சேவலு, பஸ் கண்டக்டரு, ரேடியோல வயலும் வாழ்வும் சொல்லுத ஆளு எல்லாம் என் தொண்டையில குடியிருக்காவ. சடங்கு வீடு, கல்யாண வீடுன்னா கூப்பிடுவாவ. பேசச் சொல்லுவாவ. சோறு போடுவாவ. அதோட சரி.

ஆனா எனக்குப் பேரு வாங்கிக் குடுத்தது ரயிலும் இல்ல, சேவலும் இல்ல. எங்க முதலாளி.

முதலாளிக்குத் தெனமும் சாயங்காலம் நாலு மணிக்குத் தலைவலி வரும். பஸ்ஸு கூட முன்னப்பின்ன வரும், அந்தத் தலைவலி வராது. நெத்தியில சுக்குப் பத்து. அதுக்கு மேல செவப்புக் கட்டம் போட்ட துண்டு, எடது காதுக்கு மேல முடிச்சு. எடது கன்னத்துக்குக் கை. யாரு வந்து என்ன கேட்டாலும் வலது கையில ஒத்த வெரலைத் தூக்கி, கெணத்துக்குள்ள எறங்கிக்கிட்டே பேசுத மாதிரி, "நாளைக்கு... நாளைக்குப் பேசலாம்..." அவ்வளவுதான்.

இதை நான் தெனமும் டீக்கடையில செஞ்சு காட்டுவேன். ஊரே சிரிக்கும். முதலாளிக்கும் தெரியும்னு நினைக்கேன். அவரு ஒண்ணும் கேட்டதில்ல.

இந்த மனுசன் கடையநல்லூர்ல ஒரு கிளை தொறக்கதா இருந்தாரு. அங்கன பொறுப்புக்கு ஒரு ஆளு வேணும். அது நான்தான்னு அவரு வாயத் தொறந்து சொல்லல. ஆனா அன்னைக்குக் காலையில, மூணரைக்கு நல்ல சட்டை போட்டுட்டு வாரும், கிளைக்குப் பாத்திருக்க கட்டடத்துக்காரரு காஜா பாய் வாராருன்னாரு. நல்ல சட்டைன்னு சொன்னாருல்லா, அது போதாதா? வீட்டுல எம் பொண்டாட்டி கோமதி, பக்கத்து வீட்டுக்காரிகிட்ட எங்க முருங்கை மரத்துக்குத் தண்ணி ஊத்திக்கிடச் சொல்லி ஒப்படைச்சே முடிச்சிட்டா.

அப்பேர்ப்பட்ட நாள்ல, மத்தியானம் சாப்பிட்டு எந்திரிச்சா தலை ரெண்டாப் பொளக்கு. முந்தின நாள் ஒரு சடங்கு வீட்டுல ஏழு குரல்ல ரெண்டு மணி நேரம் கத்துனதோட பலன். கோமதி ஒரு வார்த்தை சொன்னா. மாத்திரைய வாங்கிட்டு நேரே வீட்டுக்கு வாங்க, வழியில எவன் கூடயும் பேசாதிய. அருமையான யோசனை. அதை மட்டும் கேக்கல.

மெடிக்கல் கடை தங்கராசுது. நானும் அவனும் ஒண்ணா அஞ்சாப்புல பெயிலானவங்க. அவன் அப்பா வச்ச கடை. ஒழுங்கா வேவாரம் பாத்துக்கிட்டு இருந்தவன், ரெண்டு மாசத்துக்கு முந்தி எங்கயோ இயற்கை வைத்திய முகாம்னு பத்து நாள் போயிட்டு வந்தான். அங்கன பச்சைக் காய்கறியத் தின்னுட்டு, வயித்தச் சுத்தி ஈரத் துணி கட்டிட்டு, ஞானியாத் திரும்பி வந்திருக்கான். அதுல இருந்து அவன் கடையில மருந்து கேக்குறவன் எல்லாம் பாவி.

மாத்திரை கேட்டேன்.

என்னைய ஒரு பார்வை பாத்தான். வெசம் கேட்டு வந்தவனைப் பாக்குத மாதிரி. மாத்திரை வலிய அமுக்குமே தவிர எடுக்காதாம். ஈரல் என்னாகும்னு நெனச்சீரா, சிறுநீரகம் என்னாகும்னு நெனச்சீரான்னு கேட்டான். ரெண்டும் எங்க இருக்குன்னே நான் நெனச்சதில்ல.

முடிவெட்டுத கடையில போயி உக்காந்தா, "வளத்துத்தான் பாரேன்"னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு. அவன் முதுகுக்குப் பின்னால அலமாரி நெறய மாத்திரை. கைய நீட்டுனா எட்டும். நான் கெஞ்சுதேன். அவன் தண்ணி மோந்துக்கிட்டு வாரான்.

"தலைவலின்னா என்ன தெரியுமா வே? ஒடம்பு தண்ணி கேக்கு. குடியும்."

ஒரு செம்பு குடிச்சேன். இன்னொண்ணுன்னான். மூணாவது செம்பு முடிஞ்சப்பம் தலை வலிச்ச எடத்துலயே வலிச்சுக்கிட்டு இருந்துச்சு, வயித்துல மட்டும் கண்மாய் தளும்புச்சு.

அடுத்தாப்புல கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கே சதை, அதைப் புடிச்சு அமுக்குனான். அங்கனதான் தலையோட சுவிச்சு இருக்காம். இடுக்கி மாதிரி புடி. தலைவலி கொறஞ்சுதாங்கான். கொறஞ்ச மாதிரிதான் தெரிஞ்சுது, கை வலி அதை விடப் பெருசா இருந்ததால.

மூணாவது, சுக்குப் பத்து. கடைக்குப் பின்னால போயி கல்லுல உரசிச் சூடு பண்ணிக் கொண்டாந்து நெத்தியிலயும் ரெண்டு பொட்டுலயும் அப்பினான். எரிச்சல்ல கண்ணுல தண்ணி ஊத்துது. எரிஞ்சா நல்லதுங்கான். எது நடந்தாலும் நல்லதுதான் அவனுக்கு, நெத்தி என்னுதுல்லா.

கடைசியா, ஒரு துண்ட நனைச்சுப் புழிஞ்சு தலையச் சுத்தி இறுக்கிக் கட்டினான். செவப்புக் கட்டத் துண்டு. எங்க கடைத் துண்டுதான், ஊர்ல பாதிப் பேரு தோள்ல அதுதான கெடக்கு. ஒரு மணி நேரத்துக்கு அவுக்கப்படாது, அவுத்தா வலி ரெண்டு மடங்காத் திரும்பும்னு சாபம் வேற குடுத்தான்.

மணியப் பாக்கேன், மூணே முக்கால். விட்டேன் ஓட்டம்.

இங்கனதான் எம் புத்தியப் பத்தி ஒண்ணு சொல்லணும். வழியில ஒரு எடத்துலயாவது நின்னு, நான் இப்பம் பாக்க யாரு மாதிரி இருக்கேன்னு யோசிச்சிருக்கலாம். பன்னெண்டு வருசமா அதே வேசம் போட்டவன் நான். டீக்கடையத் தாண்டும்போது நாலு பேரு கையத் தட்டுனானுவ. அப்பமும் எனக்கு ஒறைக்கல. எம்மேல உள்ள பிரியம்னு நினைச்சிட்டேன்.

கடைக்குள்ள நுழைஞ்சேன்.

நாலு மணி.

முதலாளி உக்காந்திருக்காரு. நெத்தியில பத்து. செவப்புக் கட்டத் துண்டு. கன்னத்துல எடது கை. எதுத்தாப்புல காஜா பாய், துபாயில பதினஞ்சு வருசம் இருந்து சம்பாதிச்சுக் கட்டடம் கட்டினவரு, செண்டு வாசத்தோட, வெள்ளைச் சட்டையில உக்காந்து ஏதோ வற்புறுத்திக் கேட்டுக்கிட்டு இருக்காரு. முதலாளி ஒத்த வெரலத் தூக்கி, "நாளைக்கு... நாளைக்குப் பேசலாம் பாய்..."ங்காரு.

ரெண்டு பேரும் திரும்பி என்னையப் பாத்தாவ.

கண்ணாடியில பாக்க மாதிரி முதலாளி என்னையப் பாக்காரு. நான் அவரைப் பாக்கேன். அவரு துண்டு காஞ்சிருக்கு, என் துண்டு சொட்டுது. வேற வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

காஜா பாய் பாவம், மரியாதையான மனுசன். சங்கடத்தை மாத்தணும்னு, "நீங்கதான் சம்முவமா? வாங்க, ஒடம்புக்கு என்ன?"ன்னு கேட்டாரு.

தெளிவா, எனக்கு நெசமாவே தலைவலி பாய்னு சொல்லியிருக்கணும். அதைத்தான் சொல்லணும்னு வாயத் தொறந்தேன். ஆனா நல்லாக் கேளுங்க, எனக்குன்னு சொந்தமா ஒரு தலைவலி கெடையாது. பன்னெண்டு வருசமா முதலாளி தலைவலியத்தான் பழகி வச்சிருக்கேன். நெசமா வலி வந்த அன்னைக்கு, அதை வேற எப்படிப் படுறதுன்னு எனக்குத் தெரியல. எடது கை தானாக் கன்னத்துக்குப் போச்சு. வலது கையில ஒத்த வெரலு தானா எந்திரிச்சுச்சு. குரலு கெணத்துக்குள்ள எறங்கிச்சு.

"முடியல... பாய்... முடியல..."

காஜா பாய்க்கு மொதல்ல மூக்கு வழியா ஒரு சத்தம் வந்துச்சு. பெறவு வாயப் பொத்தினாரு. பெறவு பொத்தி முடியல. உள்ள கட்டு பிரிச்சுக்கிட்டு இருந்த ரெண்டு பேரும் லுங்கிக் கட்டு மேலயே விழுந்து சிரிக்கானுவ.

நான் சத்தியம் பண்ணுதேன், நெசமான தலைவலின்னு. பண்ணப் பண்ண முதலாளி குரலு இன்னும் அச்சு அசலா வருது. இதுக்கு நடுவுல மூணு செம்புத் தண்ணி வேற அதோட வேலையக் காட்டுது. கால மாத்தி மாத்தி வச்சு நெளியுதேன். அதையும் நடிப்புன்னே எடுத்துக்கிட்டாவ.

முதலாளி அடக்கிப் பாத்தாரு. வயிறு குலுங்குச்சு. நெத்தியில காஞ்சிருந்த பத்துல மெதுவா ஒரு கீறல் விழுந்துச்சு. அது விரிஞ்சுச்சு. அடுத்த நிமிசம் மேசையில தட்டித் தட்டிச் சிரிக்காரு மனுசன்.

நானும் பொழச்சேன்னு சிரிச்சேன். கோட்டிக்காரப்பய.

காஜா பாய் கண்ணத் தொடைச்சிட்டு, நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டாரு.

"சிரிக்க முடியுதுன்னா பேசவும் முடியும்லா அண்ணாச்சி?"

முதலாளி சிரிப்ப நிறுத்திட்டாரு.

அதுக்கு அப்புறம் பத்து நிமிசம். பாயோட தங்கச்சி மவன் ஒருத்தன், விசா கெடைக்காம வீட்டுல இருக்கானாம். நல்ல பையன், கட்டடமும் நம்மளுது, அவனையே பொறுப்புல வையுங்க அண்ணாச்சின்னாரு. இத்தனை நேரம் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு. கட்டடத்துக்காரரு முகத்துக்கு நேரா மாட்டேன்னு எப்படிச் சொல்ல? சரின்னு முடிஞ்சு போச்சு. போகும்போது பாய் என் தோளத் தட்டி, பேத்தி கல்யாணத்துக்குக் கண்டிப்பா வந்து இதைச் செஞ்சு காட்டணும்னு சொல்லிட்டு அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிட்டாரு.

முதலாளி துண்ட அவுத்தாரு. அதை வச்சே நெத்தியத் தொடைச்சாரு. அவசரமே இல்லாம பேசினாரு.

"எனக்கு எந்தக் காலத்துல வே தலைவலி வந்திருக்கு?"

எனக்குப் புரியல.

நன்கொடைச் சீட்டோட வாரவன், சிபாரிசுக்கு வாரவன், மவனுக்கு வேலை கேட்டு வாரவன், எல்லாவனும் வருத நேரம் நாலு மணி. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது, அதான் துண்டுன்னாரு. தெனமும் ஒரு மணி நேரம், பன்னெண்டு வருசமா. ஒருத்தன் சந்தேகப்பட்டதில்லயாம்.

மேசை டிராயரை இழுத்தாரு. புதுப் பூட்டு, ரெண்டு சாவி.

"அந்த ஆளு மட்டும் எங்கிட்ட பதிலு வாங்காம அஞ்சு மணி பஸ்ஸப் புடிச்சிருந்தா, நாளைக்குக் காலையில இதை உம்ம கையில குடுத்து அனுப்பிருப்பேன். உமக்காவத்தான் வே இன்னைக்குத் துண்டு கட்டினேன்."

டிராயரை மூடிட்டாரு.

நான் நிக்கேன். தலையில ஈரத் துண்டு. ஊர்ல உள்ள சேவல் எல்லாம் என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பாக்கும்னு பீத்திக்கிட்டவன். நாலடி தூரத்துல ஒரு மனுசன் பன்னெண்டு வருசமா நடிக்காரு, நான் அதை நெசம்னு நம்பி, அதுக்கு நடிப்பு போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். பலகுரலாம் பலகுரல்.

வெளிய போகத் திரும்பினேன். முதலாளி கூப்பிட்டாரு.

"நல்லாத்தான் வே செய்யுதீரு. ஆனா முடிச்சு எனக்கு எடது பக்கம். நீரு வலது பக்கம் போட்டிருக்கீரு."

கிளைக் கடை கைய விட்டுப் போனது கூட அப்பம் ஒறைக்கல எனக்கு. இதுதான் சுருக்குன்னு குத்துச்சு. "அது தங்கராசு கட்டினது முதலாளி, நான் என்னைக்கும் எடது பக்கம்தான் போடுவேன்"னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.

கோமதி நேரே பக்கத்து வீட்டுக்குப் போயி முருங்கை மரத்தத் திருப்பி வாங்கிட்டு வந்தா.

ஒண்ணு மட்டும் நெசம். டிராயரை மூடின சத்தம் கேட்டப்பமே தலைவலி போயிருச்சு. ராத்திரி தங்கராசு அவன் துண்டத் திருப்பி வாங்க வந்தான். தலைவலி என்னாச்சுன்னு கேட்டான். போயிட்டுன்னேன். அதோட நிறுத்தியிருக்கப்படாது நான், எதுனால போச்சுன்னும் சொல்லியிருக்கணும். அன்னையில இருந்து மாத்திரை கேட்டு எவன் வந்தாலும், மாத்திரையே இல்லாம ஒரே மணி நேரத்துல சம்முவத்துக்குத் தலைவலி பறந்துட்டுன்னு என்னையத்தான் சாட்சி சொல்லுதான். நாலு பேரு வீடு தேடி வந்து, எந்தக் கடைச் சுக்குன்னு என்கிட்டயே வெவரம் கேட்டுட்டும் போயிட்டாவ.

கடையநல்லூர்ல நம்ம கிளைக்கு அடுத்த கடை மெடிக்கல்தான். அங்கன மாத்திரை கேட்டாத் தாராவ, புத்தி சொல்ல மாட்டாவ. எப்படியும் கடையநல்லூர் போகணும்னு ஆசைப்பட்டேன்லா, இப்பம் தலை வலிச்சாப் போயிட்டு வாரேன்.