மதுவந்தியின் வெள்ளணு

"ஒட்டிக்கிச்சுப்பா! மறுபடியும் நகரவே மாட்டேங்குது."

சாய்த்து வைத்த பலகையை மதுவந்தி தட்டினாள். அதில் விரித்திருந்த சிவப்புக் கம்பளியில், முழுக்க வெல்க்ரோ சுற்றிய தெர்மாகோல் பந்து பல்லி மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. கம்பளிதான் ரத்தக்குழாயின் உள்சுவர். பந்து, உடம்புக்குள் புகும் அந்நியக் கிருமியைப் பிடிக்கிற வெள்ளணு.

அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். வெள்ளணு வழவழப்பான உருண்டை இல்லை; மேலெல்லாம் மடிப்பும் குட்டிக்குட்டி விரல்களுமாக இருக்கும். சுவரை முதலில் தொட்டுப் பிடிக்கிற மூலக்கூறுகள் அந்த விரல் நுனியில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் அது பிடித்து, விட்டு, பிடித்து, மெல்ல உருண்டு வந்து, கிருமி புகுந்த இடத்தில் நிற்க முடிகிறது.

"ஜனங்களுக்கு இது புரியாது. போஸ்டர் போதும்" என்றார் ஆய்வகத்தின் இயக்குநர் சென்குப்தா. மதுவந்தி மன்றாடியதில் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். பொதுமக்கள் வரும் நாளன்று எல்லோர் முன்னாலும் செய்துகாட்ட வேண்டும். அன்றிலிருந்து லேக் கார்டன்ஸில் இருந்த அவள் வீட்டின் கூடம் ரத்தக்குழாயாகிவிட்டது.

"விரல் வெச்சே ஆகணும்ப்பா."

கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸிலிருந்து களைத்து வந்திருந்த அப்பா மஹாதேவன், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நறுக்கிக் கொடுத்தார். துண்டு துண்டாகப் பந்தில் ஒட்டி, நுனியில் மட்டும் வெல்க்ரோ வைத்தாள். பந்து அழகாக உருண்டது. கிருமி என்று கம்பளியில் குறித்திருந்த இடத்தைத் தாண்டியும் உருண்டது. பீரோவுக்கு அடியில் போய்த்தான் நின்றது.

"விரல் தொளதொளன்னு மடங்குது" என்றாள்.

"நான் பாத்துக்கறேன், நீ தூங்கு" என்ற அப்பா, கோந்தைத் தாராளமாக ஊற்றினார்.

காலையில் பார்த்தால் விரல்களெல்லாம் பந்தோடு படுத்து இறுகிவிட்டன. நுனிகள் அடியில் போய்விட்டன. பலகையில் விட்டதுதான் தாமதம், பந்து சமையலறை வரை ஓடிப் பால் பாத்திரத்தைக் கவிழ்த்தது.

"பாத்தீங்களா! வெல்க்ரோ அப்படியேதான் இருக்கு. இடம் மாறினதும் பிடிப்பே போயிடுச்சு. இதுதாம்ப்பா என் தீசிஸ்!"

"உன் தீசிஸ் அடுப்புக்கடியில ஓடிக்கிட்டிருக்கு. துணி எடு."

விடவில்லை அவள். லேக் மார்க்கெட்டுக்குப் போய்ப் புது ஸ்பாஞ்சும் காது குடையும் பட்ஸும் வாங்கி வந்து, ஒவ்வொரு விரலுக்குள்ளும் ஒன்றைச் செருகினாள். விரல்கள் விறைத்து நின்றன. இப்போது பிடிப்பு அசுரத்தனமாகிவிட்டது. ஆய்வகத்துக்குப் போகும் ஆட்டோவில் பந்து அப்பாவின் ஸ்வெட்டரைக் கவ்வியது. பிடுங்கியபோது ஸ்வெட்டரின் முழங்கைப் பக்கம் பாதி கூடவே வந்தது.

"போஸ்டரே போதும்னு சொல்லிடலாமாம்மா?" என்றார் அப்பா.

"முடியாது."

அரங்கத்தில் நல்ல கூட்டம். முன்வரிசையில் சென்குப்தாவும் அவர் மனைவியும். மதுவந்தி தெளிவாக விளக்கிவிட்டுப் பந்தைக் கம்பளியில் விட்டாள். அது அசையவில்லை. பலகையைக் கொஞ்சம் தூக்கினாள். ம்ஹூம். இன்னும் தூக்கினாள்.

"என்ன ஆச்சு, எங்க மாட்டிக்கிச்சு?" என்று சென்குப்தா எழுந்து வந்து குனிந்தார்.

மதுவந்தி பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் உலுக்கு உலுக்கினாள். பந்து எகிறி நேராக இயக்குநரின் தலையில் போய் உட்கார்ந்தது.

"ஸாரி ஸார்! ஒரு நிமிஷம் ஸார்!"

பதறிப்போய்ப் பிடித்து இழுத்தாள். விரல்கள் விடவில்லை. பலத்தையெல்லாம் கூட்டி இன்னொரு இழுப்பு. பந்து கைக்கு வந்துவிட்டது. கூடவே இயக்குநரின் தலைமுடி மொத்தமும் வந்துவிட்டது.

 அப்பா ஸ்வெட்டரால் முகத்தை மூடிக்கொண்டார். மதுவந்திக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அப்போது முன்வரிசையில் திருமதி சென்குப்தா எழுந்து நின்று, பளபளத்த தன் கணவரின் தலையைப் பார்த்துக் கைதட்டினார்.

"இந்தப் பொண்ணுக்கு முதல் பரிசே குடுக்கலாம்! உடம்புக்குச் சொந்தமில்லாதது எதுன்னு வெள்ளணு சரியாக் கண்டுபிடிச்சிடுச்சே!"