லூமரி மொழியும் மலர் மிதிச்ச சைக்கிளும்

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. புத்தூரில இருந்து நெல்லியடிக்குச் சைக்கிள்ல போய் ஒரு கசற்றை வாங்கிக்கொண்டு வரவேணும். அவ்வளவுதான்.

கசற்றில இருந்தது பாட்டு இல்லை. ஒரு மொழி.

விபரமாச் சொல்லுறன். தொண்ணூறுகளின்ரை துவக்கம், சண்டைக் காலம். எங்கடை பக்கம் கரண்ட் போய்க் கனகாலம். பற்றறியும் கடைக்கு வாறேல்லை. எண்டாலும் எங்கடை வாசிகசாலை ஆண்டுவிழாவும் அதில போடுற நாடகமும் ஒரு வருஷம்கூட நிண்டதில்லை. வெளிச்சம் இருக்கேக்கையே முடிக்கவேணும் எண்டு பின்நேரம் மூண்டு மணிக்குத் துவங்கிவிடுவம்.

அந்த நாடகங்களில நான் தொடர்ந்து அஞ்சு வருஷம் நடிச்சனான். அஞ்சு வருஷமும் ஒரே வேஷம். ராசாவுக்குப் பின்னால ஈட்டி பிடிச்சுக்கொண்டு நிக்கிற சேவகன். வசனம் கிடையாது. மூண்டாவது வருஷம் ஒருக்கா தும்மினன். நான் மேடையில வாய் திறந்தது அந்த ஒரு தரம்தான்.

அச்சுவேலியில இருந்து என்ரை மாமா, அதாவது என்ரை மனிசி மலரின்ரை அப்பா, ஒவ்வொரு வருஷமும் வந்து முன் வரிசையில இருப்பார். நாடகம் முடிஞ்ச உடனை என்ரை தோளில தட்டுவார்.

"மருமோன், ஈட்டி ஆடேல்லை. நல்லாப் பிடிச்சீர்."

மலர் அந்தப் பக்கம் திரும்பி நிண்டு சிரிப்பா.

எனக்கு ஒரு வசனம் வேணும். மாமா கேக்கத்தக்கதா ஒரே ஒரு வசனம். வெங்காயம் விளையவேணும், மழை பெய்யவேணும் எண்டதெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

ஆறாவது வருஷம் நாடகம் எழுதினது சிவராசன் மாஸ்ரர். நெல்லியடியில ரியூட்டரி ஒண்டில கணக்குப் படிப்பிக்கிற ஆள். என்ரை வயசுதான், ஆனா மூளை கூட. கதை இதுதான். லூமரி எண்டு ஒரு தீவு. எங்கடை வியாபாரி ஒருத்தன் கப்பல் உடைஞ்சு அங்க கரை ஒதுங்கிறான். லூமரி ராசா அவனை வரவேற்று, மகளையும் கட்டிக் குடுக்கிறார். கடைசியில மகள் கப்பல் ஏறிப் போக, ராசா கரையில நிண்டு அழுகிறார்.

சிக்கல் என்னெண்டா, ராசாவுக்குத் தமிழ் தெரியாது. லூமரி மொழிதான் கதைப்பார். பக்கத்தில ஒரு மொழிபெயர்ப்பாளர் நிண்டு அதைத் தமிழில சொல்லுவார். அந்த மொழி எங்க இருக்கு எண்டு கேட்டியள் எண்டா, எங்கயும் இல்லை. மாஸ்ரர் தானே உண்டாக்கினது. ரெண்டு வருஷ வேலை. சொல் இருக்கு, வேற்றுமை உருபு இருக்கு, இறந்தகாலம் மட்டும் ரெண்டு வகை இருக்கு.

வழமையா ராசா வேஷம் போடுறது சங்கக்கடை மனேச்சர் பரமண்ணை. அவர் கேட்டார், "மாஸ்ரர், வாயில வந்ததைச் சும்மா குழறினாக் காணாதோ? பிழை எண்டு ஆருக்குத் தெரியப் போகுது?"

மாஸ்ரரின்ரை முகம் கறுத்துப் போச்சு.

"எனக்குத் தெரியும்," எண்டார்.

"அப்ப நான் வியாபாரியா நடிக்கிறன். அவன் தமிழன்தானே."

ராசாவுக்கு ஆளில்லை. நான் கையைத் தூக்கினன். அஞ்சு வருஷம் ஈட்டி பிடிச்ச கை, நல்லா நேரா மேல போச்சு.

அப்பிடித்தான் அந்தக் கசற் வாங்கப் போனது. மாஸ்ரர் தன்னட்டை மிஞ்சிக் கிடந்த கடைசிப் பற்றறியளைப் போட்டுத் தன்ரை குரலில பதிஞ்சு வைச்சிருந்தார். தரேக்க ரெண்டு கையாலயும் தந்தார்.

"ஐசே, எழுதிப் படிக்கப்படாது. காதால கேட்டுத்தான் பிடிக்கவேணும். முதல் பக்கம் இலக்கணம். அதை முடிச்சிட்டுத்தான் மற்றப் பக்கம். விளங்குதோ?"

"ஓம் மாஸ்ரர்."

வீட்டை வந்தன். ரேப் ரெக்கோடர் இருக்கு, கலியாணத்துக்கு வந்தது. அதை ஓட்ட என்ன வழி? எல்லாரும் செய்யிற வழிதான். சைக்கிளை ஸ்ராண்டில ஏத்தி, டைனமோவில இருந்து வயர் இழுத்து ரேப்பில குடுக்கவேணும். ஒராள் மிதிக்க, மற்றாள் கேக்கலாம்.

"மலர், ஒருக்கா ஏறி மிதியும்."

"பாடம் உங்களுக்கு. மிதிக்கிறது நானோ?"

"ராசாமார் சைக்கிள் மிதிக்கிறேல்லை."

"சோறு அடுப்பில கிடக்கு. வடிக்கிற நேரம் வந்தா நான் இறங்கிப் போடுவன், சொல்லிப்போட்டன்."

ஏறினா. வேலையை முடிக்கிற அவசரத்தில கெதியா மிதிச்சா. ரேப்பில மாஸ்ரர் அணில் மாதிரிக் கீச்சிட்டார். "முதலாம் பாடம். லூமரி மொழியில் உயிரெழுத்து..."

"இது இலக்கணம். இதை விடும். மற்றப் பக்கம் போடுவம்."

"மாஸ்ரர் உந்தப் பக்கத்தைத்தானே முதல்ல கேக்கச் சொன்னவர்?"

"எனக்குத் தமிழ் இலக்கணமே வராது. வசனம்தானே வேணும்?"

மற்றப் பக்கத்தைப் போட்டன். அதுக்குள்ள மலருக்குக் களைச்சுப் போச்சு. மிதி மெதுவாச்சு. ரேப்பும் மெதுவாச்சு. மாஸ்ரரின்ரை குரல் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி இறங்கி வந்துது.

"நீஈமி... தாஆபு..."

இதல்லோ ராசாவின்ரை குரல்!

"மலர், இதுதான் வேகம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"மாஸ்ரர் உப்பிடிக் கதைக்கிறேல்லையே. ஆள் படபடவெண்டல்லோ கதைப்பார்?"

"அது மாஸ்ரர். இது லூமரி ராசா."

பத்து நாள். நாப்பது வசனம். தோட்டத்துக்குத் தண்ணி கட்டேக்க, வெங்காயம் கிண்டேக்க, எல்லா நேரமும் அடித்தொண்டையால இழுத்து இழுத்துக் கதைச்சன். "நீமி தாபு" எண்டு நான் சொன்னா, பக்கத்துக் காணியில கட்டியிருந்த மாடு தலையைத் தூக்கிப் பாத்துது. அதுக்கே என்ரை குரல் பிடிச்சுப் போச்சு எண்டு நினைச்சன்.

ஒரு நாள் தோட்டத்தால நான் நேரத்தோடையே திரும்பி வந்தா, வீட்டுக்குள்ள அணில் சத்தம். மலர் தனிய ஏறி இருந்து மிதிச்சுக்கொண்டு இருக்கிறா. ரேப் பாடுது.

"என்ன செய்யிறீர்?"

"கால் பிடிச்சுக்கொண்டு கிடக்கு. மிதிச்சா விடும் எண்டு பாத்தன்."

"அதுக்கு ஏன் கசற்?"

"சும்மா மிதிக்க அலுப்பா இருக்கு."

நானும் நம்பினன். பாருங்கோ, நான் எப்பிடிப்பட்ட ஆளெண்டு.

ஒத்திகைக்கு மாஸ்ரர் நெல்லியடியில இருந்து வந்தது ஒரே ஒரு நாள். அண்டைக்கு எண்டு பாத்து எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ஒரு கிழமை அடித்தொண்டையால கத்தினா வேற என்ன நடக்கும்? வாயை அசைச்சன், சத்தம் வரேல்லை.

"வசனம் பாடமோ ஐசே?"

தலையை ஆட்டினன். மாஸ்ரர் சந்தோஷமாப் போனார்.

விழா நாள். சனம் நிரம்பிப் போச்சு. முன் வரிசையில மாமா, சால்வையை மடிச்சு மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறார். பொம்பிளையள் பக்கம் மூண்டாவது வரிசை வாங்கில மலர். கடதாசி முடியோட நான் சிம்மாசனத்தில இருக்கிறன். ஈட்டி இல்லாமல் கையை எங்க வைக்கிறது எண்டே தெரியேல்லை. எனக்குப் பக்கத்தில மொழிபெயர்ப்பாளர் வேஷத்தில மாஸ்ரர். தன்ரை மொழியை வேற ஆற்றையும் கையில குடுப்பாரோ?

பரமண்ணை நனைஞ்ச உடுப்போட வந்து கும்பிட்டார்.

நான் எழும்பினன். மூச்சை இழுத்தன். பத்து நாள் உழைப்பையும் சேர்த்து விட்டன்.

"நீஈமி தாஆபு! லாஆகி சோஓகு!"

சனம் கழுத்தை நீட்டிப் பாத்துது. மாமா முன்னால சரிஞ்சு இருந்தார். எனக்கு நெஞ்சு நிரம்பிப் போச்சு. சாகும்வரை இது ஒண்டு போதும் எண்டு இருந்துது.

மாஸ்ரர் அதைத் தமிழில சொல்லேல்லை. என்னைப் பாத்தார். நான், ஆள் சொக்கிப்போய் நிக்கிறார் எண்டு நினைச்சு, இன்னும் இழுத்து ரெண்டாந்தரம் சொன்னன்.

மாஸ்ரர் சனத்தைப் பாத்துத் திரும்பினார்.

"'மாடே, போய்விடு. கத்தரிக்காய் அவிகிறது' என்று மகாராஜா திருவாய் மலர்ந்தருளுகிறார்."

முதல்ல பின்வரிசையில ஒராள் கெக்கட்டம் விட்டுது. பிறகு கொட்டகை முழுக்கச் சிரிப்பு. நான் குனிஞ்சு மாஸ்ரரின்ரை காதுக்குள்ள, "பிழையாச் சொல்லுறீர் மாஸ்ரர். விருந்தாளியே வா, மகள் வணங்குகிறாள். அதெல்லோ வசனம்?" எண்டன்.

"அது குறில், ஐசே. நிமி எண்டா விருந்தாளி, நீமி எண்டா மாடு. தபு வா, தாபு போ. லகி மகள், லாகி கத்தரிக்காய். சொகு வணங்கிறது, சோகு அவியிறது. நீர் முதல் பக்கம் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை. நீர் சமாளிச்சுச் சரியாச் சொல்லுமன்."

"ரெண்டு வருஷமா உண்டாக்கின மொழி. அதில நான் பொய் சொல்லமாட்டன்."

பரமண்ணை சும்மா இருக்கிற ஆளோ? கையைக் கட்டிக்கொண்டு, "கத்தரிக்காய்க்கு உப்புப் போட்டாச்சோ எண்டு மகாராசாவைக் கேட்டுச் சொல்லும்," எண்டார். கொட்டகை ரெண்டாம் முறையும் அதிர்ந்தது.

சரி, குறிலாச் சொல்லிப் பாப்பம் எண்டு அடுத்த வசனத்துக்கு வாயைத் திறந்தன். மகளை உனக்குத் தருகிறேன் எண்டு சொல்லவேணும். பத்து நாள் இழுத்துப் பழகின நாக்கு. அது தன்ரை பாட்டுக்கு இழுத்துது.

"லாஆகி பூஊனி!"

மாஸ்ரர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "'கத்தரிக்காய் முழுக்கப் புழு' என்கிறார் மகாராஜா."

மகளா நடிச்ச பிள்ளை மாலையைக் கீழ போட்டிட்டு உள்ள ஓடிப்போச்சுது.

நான் மாமாவைப் பாத்தன். சால்வையால கண்ணைத் துடைக்கிறார். வயித்தைப் பிடிச்சுக்கொண்டு துடைக்கிறார். எனக்கு அழுகை வந்திட்டுது. உண்மையாத்தான் சொல்லுறன். அஞ்சு வருஷம் காத்திருந்து கிடைச்ச வாயால, மாஸ்ரரின்ரை ரெண்டு வருஷத்தையும் கத்தரிக்காய் ஆக்கிப்போட்டன்.

அந்த நேரம் பொம்பிளையள் பக்கத்தில இருந்து ஒரு குரல். வெட்டு வெட்டெண்டு, சுத்தமா.

"நிமி தபு! லகி சொகு! லகி புனி!"

மூண்டாவது வாங்கில மலர் எழும்பி நிக்கிறா.

மாஸ்ரரின்ரை முகத்தை நீங்கள் பாத்திருக்கவேணும். தான் உண்டாக்கின மொழி வேறொராளின்ரை வாயில இருந்து சரியா வாறதை அண்டைக்குத்தான் முதல்முதல் கேட்டிருக்கிறார். பிறகு கையை விரிச்சுக் கத்தினார்.

"விருந்தினரே, வருக! எங்கள் மகள் வணங்குகிறாள்! அவளை உமக்கே தருகிறோம்! இதோ, மகாராணி எழுந்தருளுகிறார்!"

மகாராணி சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மேடையில ஏறினா. சிம்மாசனத்துக்குக் கிட்ட வந்து, என்னைப் பாத்து ஒரு சொல் சொன்னா.

"தாபு."

லூமரி மொழியில மொழிபெயர்ப்பு இல்லாமல் எனக்கு விளங்கின முதல் சொல் அதுதான். எழும்பி முடியைக் குடுத்திட்டுப் பின்னால போனன். அந்த வருஷம் ஈட்டி பிடிச்ச ஆள், ஒரு கேள்வியும் கேக்காமல் ஈட்டியை என்ரை கையில தந்திட்டார்.

நாப்பது வசனமும் சொன்னா. ஒண்டும் பிசகேல்லை. ரெண்டு வகை இறந்தகாலமும் வந்துது. கடைசியில மகளைக் கப்பல் ஏத்திப்போட்டு அவ கரையில நிண்டு கதைக்க, மாஸ்ரர் தமிழில சொல்ல முதலே சனம் மூக்கைச் சிந்தத் துவங்கிற்றுது. பரமண்ணையும் அழுதார். நானும் அழுதன், ஈட்டி ஆடாமல்.

முடிஞ்ச உடனை மாமா வந்தார். தோளில தட்டினார்.

"மருமோன், கடைசிப் பகுதி உம்மடை வழமையான தரம்."

வீட்டை வரேக்க மலரைக் கேட்டன். "எப்ப படிச்சீர்?"

"நீங்கள் தோட்டத்துக்குப் போனாப்பிறகு. இலக்கணப் பக்கம் நல்லா இருக்கப்பா. ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"முதல் நாளே சொன்னனான்தானே. நீங்கள் ராசா, கேக்கேல்லை."

அடுத்த வருஷத்தில இருந்து வாசிகசாலை நாடகத்தில நிரந்தர ராணி ஆரெண்டு நான் சொல்லத் தேவையில்லை. அவ பாடம் கேக்கேக்க சைக்கிள் மிதிச்சது ஆரெண்டும் சொல்லத் தேவையில்லை. கெதியாத்தான் மிதிச்சன்.

மாஸ்ரர் இப்ப வெளிநாட்டில. போன மாசம் ரெலிபோன் எடுத்தவர். தனக்கு லூமரி எல்லாம் மறந்து போச்சாம். இறந்தகாலத்தில ஒரு சந்தேகம் எண்டு மலரிட்டைக் கேட்டுத் தெளிஞ்சவர்.

ஆகவே, இல்லாத மொழி ஒண்டைப் படிக்கத் துவங்கிற எல்லாருக்கும் என்ரை அனுபவத்தில சொல்லுறன், முதல் பக்கத்தை விடாதேங்கோ. இண்டைக்கும் மத்தியானம் குசினிக்குள்ள இருந்து "லாகி சோகு" எண்டு சத்தம் வந்தா, நான் போய்ச் சோத்துக் கோப்பையை எடுத்து வைச்சுக்கொண்டு இருந்திடுவன்.

உலகத்தில லூமரி மொழி தெரிஞ்ச ஆக்கள் இப்ப ரெண்டே ரெண்டு பேர். ஒராள் கதைக்கிறா, மற்றாள் நான், கேக்கிறன்.