உயிலில் ஒரு நாற்காலி

1974 தை மாதம் ஒரு திங்கட்கிழமை, போடி பஜார் பாத்திரக்கடை சுந்தர்ராஜ், தன் வம்ச வரலாற்றை எழுதப்போவதாக அறிவித்தார். அறிவித்தது இரண்டு பேரிடம். ஒருவர் பக்கத்துக் கடிகாரக் கடை குருசாமி. இன்னொருவர் சுந்தர்ராஜின் மனைவி ஞானசெல்வி. குருசாமி, "பேஷாச் செய்யிங்க அண்ணாச்சி" என்றார். ஞானசெல்வி, "எழுதுங்க" என்றாள்.

அந்த இடத்திலேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். பதினேழு வருடத் தாம்பத்தியத்தில் அவள் எதற்கும் ஒரே சொல்லில் சம்மதித்தவள் இல்லை.

விவகாரம் இதுதான். கடைக்கு அந்த வருடம் ஐம்பது வயது. ஞானசெல்விக்கு ஒரு யோசனை. பாத்திரம் வாங்க வருகிறவர்கள் பெண்கள். அவர்கள் வீட்டு வேலை முடித்து வருவது மத்தியானத்தில். ஆகவே இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை கல்லாவில் தான் உட்காருவது.

இரண்டிலிருந்து நாலு வரை சுந்தர்ராஜ் தூங்குகிற நேரம். கல்லாவுக்குப் பின்னால் தாத்தா காலத்து நாற்காலி ஒன்று கிடந்தது. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், தலை சாயத் தோதான முதுகு. அதில் அவர் சாய்ந்துவிட்டால், சத்தம் போடாமல் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போகிறவனிடம் அவருக்கு எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை.

"எங்க தாத்தா ஞானசிகாமணி ஒத்தை ஆளாத் தொடங்கின கடை இது. இதுவரைக்கும் ஒரு பொம்பளை கல்லாவுல உக்காந்ததில்ல" என்றார்.

"நீங்க பாத்தீகளா?"

"பாக்கணுமாக்கும்? பரம்பரை."

"பரம்பரைக்குக் காகிதம் இருக்கா?"

"இருக்காமப் போகுமா?"

"அப்பக் காட்டுங்க. காட்டிட்டீகன்னா நான் வாயத் தொறக்கல."

அவள் வாய் திறக்காமல் இருப்பது என்பது சுந்தர்ராஜுக்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டுகிற மழை மாதிரி. கேள்விப்படலாம், நனைய முடியாது. உடனே ஒத்துக்கொண்டார்.

போதகர் வீட்டில் பழைய சபைப் பத்திரிகைகளை வருட வாரியாகத் தைத்து வைத்திருந்தார்கள். சபையில் யார் இறந்தாலும் அதில் அறிவிப்பு வரும். தாத்தா எந்த வருடம் போனார் என்பது பேரனுக்குத் தெரியாது. ஆகவே மூன்று நாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஊரில் நாற்பது வருடமாகப் போனவர்களை எல்லாம் வழியனுப்பிவிட்டு வந்தார்.

"கோம்பையில ஒரு உபதேசியார் பாம்பு கடிச்சுப் பொழச்சு, அப்புறம் சளி புடிச்சுப் போயிருக்காரு, தெரியுமா?"

"அவரா நம்ம கடையத் தொடங்கினாரு?"

நாலாம் நாள் தாத்தா கிடைத்தார். பார்த்து எழுதிக்கொண்டு வந்த தாளைப் பிரித்து, கடை வாசலில் நின்று கம்பீரமாகப் படித்தார். "ஞானசிகாமணி அவர்கள் 1941 ஆகஸ்டு ஒன்பதாம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்."

"அதுக்கு முன்னால ஒரு வரி இருக்கு போலயே?" என்றாள் ஞானசெல்வி.

"அது சும்மா விலாசம்."

அவள் தாளை வாங்கி அந்த விலாசத்தைப் படித்தாள். "போடி பஜார் பாத்திரக்கடை உரிமையாளர் காலஞ்சென்ற ஞானபாக்கியம் அம்மாளின் கணவர்."

குருசாமி கண்ணில் இடுக்கியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவர்களைப் பார்த்தார்.

"அச்சுப்பிழை" என்றார் சுந்தர்ராஜ்.

"முழு வரியுமா?"

"ஈய எழுத்த ஒண்ணொண்ணா கையில பொறுக்கிக் கோக்குறவன். அவசரத்துல பேர முன்னப்பின்னப் போட்டுட்டான். உரிமையாளர் ஞானசிகாமணின்னு இருக்கணும்."

"சரி, இருக்கட்டும். தாத்தா உயில் கியில் எழுதியிருப்பாகள்ல? உயில் கையால எழுதுறது. அதுல அச்சுப்பிழை வராதுல்ல?"

"வரவே வராது."

"அதுல என்ன இருக்கோ அதுக்கு நீங்க கட்டுப்படுவீகளா?"

"நூத்துக்கு நூறு."

"அண்ணே, நீங்க சாட்சி" என்றாள் குருசாமியிடம்.

"நான் சாட்சி மதினி" என்றார் அவர், ரொம்ப உற்சாகமாக.

பதிவு ஆபீசில் மனுக் கொடுத்தார். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். போனபோது கிளார்க் தலையை ஆட்டினார்.

"ஞானசிகாமணி பேருல உயில் ஒண்ணும் இல்ல சார். அதே விலாசத்துல ஞானபாக்கியம்னு ஒண்ணு இருக்கு. 1936. வேணுமா? இந்த உயிலுக்கு இப்ப நல்ல கிராக்கி."

கிளார்க் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து சுந்தர்ராஜ் சிரித்தார். நகலை வாங்கி, ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் நின்று படித்தார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

"என் சுயார்ஜிதத்தில் நான் தொடங்கி நடத்திவரும் பாத்திரக்கடையை எனக்குப் பின் என் மகன் அனுபவித்துக்கொள்ள வேண்டியது. கல்லாவில் எந்தக் காலத்திலும் வீட்டுப் பெண்ணே உட்கார வேண்டியது. என் கணவர் பகலில் தூங்கும் தேக்கு நாற்காலியைக் கடையிலிருந்து எடுத்து வீட்டில் போட வேண்டியது. அவர் மேல் எனக்கு மனஸ்தாபம் ஒன்றும் இல்லை."

உயிலை நிறைவேற்றாமல் நாற்காலியைக் கடையிலேயே காப்பாற்றி வைத்த அப்பாவை நன்றியோடு நினைத்துக்கொண்டார். அவரும் நன்றாகத் தூங்கியவர்தான். பிறகு நகலை எட்டாக மடித்து உள்பாக்கெட்டில் வைத்தார். பஜாருக்குத் திரும்பும் வழி முழுக்க ஒரு வாக்கியத்தை முணுமுணுத்துப் பழகிக்கொண்டே வந்தார்.

கடைக்கு வந்தபோது மணி இரண்டரை. ஞானசெல்வி கல்லாவில் உட்கார்ந்து, தேவாரம் ஊரிலிருந்து வந்த ஒருத்திக்கு இட்லிக் கொப்பரை காட்டிக்கொண்டிருந்தாள். குருசாமி தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு இங்கே வந்து நின்றிருந்தார்.

"உயில் கெடச்சுச்சா?"

"எங்கிட்டு கெடைக்க? கரையான் அரிச்சிருச்சாம். அந்த வருசத்து ரிக்கார்டே மண்ணாப் போச்சுங்குறான்." பழகிய வாக்கியம் தடுமாறாமல் வந்தது.

"அடடா" என்றார் குருசாமி. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஞானசெல்வியும் உச்சுக் கொட்டினாள். கொட்டிக்கொண்டே கல்லாவைத் திறந்து, ஆபீஸ் முத்திரை போட்ட தாள் ஒன்றை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

"மார்கழிக்கப்புறம் வந்த கரையானா இருக்கும். மார்கழியில நான் நகல் வாங்கும்போது முழுசாத்தான் இருந்துச்சு."

சுந்தர்ராஜின் கை தானாக உள்பாக்கெட்டைப் பொத்தியது. அதையும் அவள் பார்த்துவிட்டாள்.

"நீ... முன்னாலயே?"

"போதகர் வீட்டம்மா அந்தப் பத்திரிகைய எனக்குப் போன வருசமே காட்டிட்டாக."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நாலு நாளு தூசியில கெடந்து தும்மினேனே!"

"நான் சொல்லியிருந்தா அதையும் அச்சுப்பிழைன்னு சொல்லியிருப்பீக."

இந்த நிலைமையில் ஒரு மனிதன் உட்கார வேண்டும். சுந்தர்ராஜ் கல்லாவுக்குப் பின்னால் போனார். அங்கே நாற்காலி இருந்த இடத்தில், ஐம்பது வருடமாக வெளிச்சம் படாத தரை சதுரமாக மின்னியது.

"இங்கன கெடந்த நாற்காலி எங்க?"

"வீட்டுக்கு அனுப்பியாச்சு. பெரியவுக எழுதி வச்சத மீறலாமா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உங்க மேல எனக்கு மனஸ்தாபம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

குருசாமி அவசர வேலை இருப்பதாகச் சொல்லித் தன் கடைக்குள் போனார். அங்கே போய்த்தான் சிரித்தார்.

மாசியில் பொன்விழா அழைப்பிதழ் அச்சாகி வந்தது. வீட்டில், ஜன்னல் ஓரம், தேக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சுந்தர்ராஜ் அதைப் பிரித்தார். "போடி பஜார் பாத்திரக்கடை ஞானசெல்வி அம்மாளும், அவர் கணவர் சுந்தர்ராஜும் தங்களை அன்புடன் அழைக்கிறார்கள்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாக மூன்று தடவை படித்தார்.

அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை.