கள்ளிமேட்டை விட்டு நகராத ஹவில்தார்

ஒரு காட்டில் மிருகங்கள் ராணுவம் வைத்திருந்தன. காடு என்றால் எல்லை இருக்கும், எல்லை என்றால் சண்டை இருக்கும், சண்டை இல்லாத நாளிலும் டிரான்ஸ்பர் இருக்கும். அந்த ராணுவத்தில் மாசானம் என்றொரு கீரி ஹவில்தாராக இருந்தார். பதினாறு வருஷ சர்வீஸ். எந்தப் பாம்பைக் கண்டும் பின்வாங்காதவர். மனைவி பேச்சித்தாயைக் கண்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள், செண்பகம். ஒன்பதாம் வகுப்பு வருவதற்குள் ஏழு பள்ளிக்கூடம் மாறி ஏழு டி.சி. வாங்கியிருந்தாள். பனிமலையில் கவரிமா பாஷையில் பாடம், பாலையில் ஒட்டக பாஷையில் பாடம். சதுப்பு நிலத்தில் தவளை வாத்தியார்கள் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் நடத்தினார்கள். போகிற இடமெல்லாம் ‘மழை எப்படிப் பெய்கிறது’ என்ற பாடம்தான் நடந்துகொண்டிருக்கும். அதை ஏழு தடவை படித்துவிட்டாள். வகுத்தல் கணக்கு மட்டும் அவள் போய்ச் சேர்வதற்கு முந்தின வாரமே முடிந்திருக்கும்.

இந்த நிலையில் கள்ளிமேட்டுக்கு மாற்றல் வந்தது. கள்ளிமேடு என்றாலே படையில் எல்லோரும் லீவு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கள்ளியும் கல்லும் நடுவில் ஒரு வறண்ட ஓடையும் இருந்தன. ஓடைக்கு அந்தப் பக்கம் பாம்புகளின் நாடு. இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கத்தான் செய்தது. அதன் முயல் வாத்தியார் கொடியேற்றுகிற நாளில் மட்டும் வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போவார்.

வந்த மூன்றாம் நாள் பேச்சித்தாய் மகளுக்குத் தலை சீவிவிட்டு, ஏழு டி.சி.யையும் பையில் போட்டுக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள்.

“எங்க போற?” என்றார் மாசானம்.

“அந்தப் பக்கம் குழல்மொழின்னு ஒரு சாரைப்பாம்பு டீச்சராம். கணக்குல புலியாம்.”

“அது எதிரி நாடு. நமக்கும் அவங்களுக்கும் பரம்பரைப் பகை.”

“பரம்பரையா வந்து இவளுக்கு வகுத்தல் சொல்லிக் குடுத்துச்சு?”

மாசானம் துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனார்.

குழல்மொழி டீச்சர் செண்பகத்தை மேலும் கீழும் பார்த்தாள். “புள்ள கடிக்குமா?”

“கடிக்கமாட்டா டீச்சர். கணக்குதான் வராது” என்றாள் பேச்சித்தாய்.

“அதப் பாத்துக்கலாம். உள்ள வந்து உக்காரு.”

மூன்றே மாசத்தில் செண்பகம் மூன்று இலக்க எண்ணால் வகுத்தாள். மாசானம் அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பதவி உயர்வு வந்தது. கரடிக் கர்னல் கூப்பிட்டுச் சொன்னார்: “மாசானம், நீ நாயப் சுபேதார் ஆயிட்டே. தலைநகர்க் காட்டுல போஸ்டிங். நிழலான குவார்ட்டர்ஸ்.”

“அங்க பள்ளிக்கூடம் எப்படிங்கய்யா?”

“பிரமாதமான பள்ளிக்கூடம். குட்டி வயித்துல இருக்கும்போதே பேரு பதிஞ்சிரணும். உம் மகளுக்கு என்ன வயசு?”

“பதினாலுங்கய்யா.”

“கொஞ்சம் லேட்டுதான்” என்றார் கர்னல்.

“நீங்க போங்க, நாங்க இங்கயே இருந்துக்கறோம்” என்றாள் பேச்சித்தாய். மாசானம் இரண்டு நாள் யோசித்தார். அவருடைய அப்பாவும் ஹவில்தாராகவே செத்தவர். தோளில் ஒரு நட்சத்திரம் ஏறினால் ஊரில் மரியாதை வேறு. ஆனால் மற்ற ஊர்களில் குடும்பம் குவார்ட்டர்ஸிலும் அவர் காவல் சாவடியிலுமாக இருந்ததில், மகளோடு சேர்ந்தாற்போல் மூன்று மாசம் இருந்தது இங்கேதான். மூன்றாம் நாள் மறுப்புப் படிவம் கேட்டு ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றார்.

படிவத்தில் காரணத்துக்கு மூன்றே கட்டங்கள்: தீராத நோய், ஒழுங்கு நடவடிக்கை, மரணம்.

“புள்ள படிப்புன்னு எதுவும் இல்லையே” என்றார்.

குமாஸ்தா ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. “இருக்கறதுல உனக்கு எது தோதுப்படும்னு பாரு.”

மூன்றும் தோதுப்படவில்லை. ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில், ‘எல்லையை விட்டு வர மனசில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வரியைப் படித்த யானை ஜெனரல் தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாசானத்துக்குத் தேசபக்திப் பதக்கம் கிடைத்தது. கூடவே, இப்பேர்ப்பட்ட வீரன் இருக்கும்போது சும்மா இருப்பானேன் என்று ஓர் உத்தரவும் வந்தது: திங்கட்கிழமை விடிந்ததும் ஓடையைத் தாண்டித் தாக்கவும்.

திங்கட்கிழமை அரையாண்டுப் பரீட்சை. கணக்கு.

மாசானம் ஓடைக் கரையில் போய் நின்றார். எதிர்க்கரையில் சுருளி நின்றார். அவர் அந்த நாட்டு நாகப்பாம்பு ஹவில்தார். அவர் மகளும் செண்பகமும் ஒரே பெஞ்சு.

“உங்களுக்கும் திங்களா?” என்றார் சுருளி.

“ஆமா.”

“எங்களுக்கும் அதே உத்தரவுதான். என் மக ராத்திரி பகலாப் படிச்சிருக்கா.”

மாசானம் ஓடைக்குள் இறங்கிப் பாதி தூரம் வந்தார்.

“எதிரி ரொம்பப் பலமா இருக்கான்னு எழுதிருவோமா?” என்றார் மாசானம்.

இரண்டு தலைமையகத்துக்கும் ஒரே வாசகம் போனது: ‘எதிரி நினைத்ததைவிடப் பலசாலி. கூடுதல் படை தேவை.’ தாக்குதல் தள்ளிப்போனது. இரு பக்கமும் கூடுதல் படை வந்து இறங்கியது. சிப்பாய்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார்கள்; பிள்ளைகள் புத்தகப் பையோடு வந்தன. குழல்மொழி டீச்சர் ஒன்பதாம் வகுப்புக்கு ‘பி’ பிரிவு தொடங்கினாள். அதற்குப் பிறகு வந்த தாக்குதல் உத்தரவுகள் எல்லாம் ஏதோ ஒரு பரீட்சையில் போய் முட்டிக்கொண்டன. அசைக்க முடியாத எல்லை என்று இரண்டு நாட்டு ஜெனரல்களும் மார்தட்டிக்கொண்டார்கள்.

மறு வருஷம் காவலைப் பார்வையிட ஒரு நாயப் சுபேதார் வந்தார். மாசானம் மறுத்த பதவியில் உட்கார்ந்த பெருச்சாளி, வயதில் சின்னவர். மாசானம் விறைப்பாக சல்யூட் அடித்தார். பெருச்சாளி பதில் சல்யூட் அடித்து, துப்பாக்கிகளை எண்ணிப் பார்த்து, பூட்ஸ்களைக் குனிந்து பார்த்தார். பிறகு மற்றவர்களை அனுப்பிவிட்டு மாசானத்தின் காதருகே வந்தார்.

“அண்ணே, ஆறாம் வகுப்புல ஒரு சீட்டு கெடைக்குமா?”

நீதி: எல்லையை விட்டு நகரமாட்டேன் என்று ஒருவன் சொன்னால், பதக்கத்தைக் குத்துவதற்கு முன்னால் பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று விசாரி, இருந்தால் உன் குட்டிக்கும் ஓர் இடம் சொல்லிவை.